நாற்பத்தொரு குருவிகள்

அறிக்கையின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று அச்சாகியிருந்தது. என் வீட்டுக்காரரின் இஸ்திரிக் கடையில், துணி மூட்டைகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த எண்ணை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அது நாற்பத்தொன்றாகவே இருந்தது. இடப்பக்கம் பறவையின் பெயர்: மரமேறிக் குருவி. வலப்பக்கம், ‘மிகுதியாகக் காணப்படுகிறது. திட்டத்தால் பாதிப்பு ஏதும் இராது’ என்று ஒரு வரி.

“என்ன, ஏதாவது தப்பா?” என்றார் அவர், சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நாப்பத்தொண்ணாம்.”

“இருந்துட்டுப் போகட்டுமே. பெருகியிருக்கும்.”

“பெருகறதுக்கு அது என்ன கொசுவா?”

மரமேறிக் குருவியைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தும் பார்க்காமல் போனவர்கள் அதிகம். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, மரப்பட்டையின் நிறம், சற்றே வளைந்த மெல்லிய அலகு. மலைக்காட்டில் பாசி பிடித்த பழைய மரம் ஒன்றின் அடியில் வந்து ஒட்டும். விறைப்பான வாலைத் தண்டில் ஊன்றிக்கொண்டு, சுற்றிச் சுற்றி மேலே ஏறும். பட்டை இடுக்கில் அலகை விட்டுப் பூச்சியை இழுக்கும். உச்சிக்குக் கிட்டே போனதும் அங்கிருந்து அடுத்த மரத்தின் அடிக்குச் சறுக்கிக்கொண்டு பறந்து வரும், மறுபடி ஏறும். தண்டோடு ஒட்டிக்கொண்டு இறங்கத் தெரியாது அதற்கு. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இதே வேலைதான். பட்டை வெடித்த வயதான மரம் வேண்டும். வழவழவென்று இருக்கிற இளமரங்களை அது சீந்துவதில்லை. அந்தச் சரிவில் நான் பதினோரு வருடமாக ஏறி இறங்குகிறேன். அங்கே நாற்பத்தொன்று இருந்திருந்தால், ஏற மரம் போதாமல் எங்கள் தலைமேல் ஏறியிருக்கும்.

அந்தச் சரிவில்தான் ரோப் கார் வரப் போகிறது. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் நேர்கோடாக, முப்பது மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி எடுக்க வேண்டும். ஏறக்குறைய அறுநூறு மரம். எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டாகிவிட்டது. விதியில் ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பட்டியலில் உள்ள அரிய பறவை ஏதாவது இருபதுக்குக் கீழே இருந்தால், ரோப் கார் பாதையை எதிர்ச்சரிவுக்கு மாற்றியாக வேண்டும். எதிர்ச்சரிவு வெறும் பாறையும் புல்லும். வேலை கடினம், ஒன்றரை வருடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆக, நாற்பத்தொன்று என்றால் மரம் விழும், நாலு என்றால் நிற்கும். அந்த அறுபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘பதிவு செய்தவர்’ என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து.

படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குத்திக் காட்ட வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது மேனேஜர் வந்து, “அக்கா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்று விரலால் காட்டினார். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பதினோரு வருடமாக அப்படித்தான் போடுகிறேன். நான் எழுதியதுதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

எங்கள் கம்பெனிக்கு வேலையே இதுதான். எங்காவது சாலை, அணை, ஓட்டல் என்று கட்டப்போகிறவர்களுக்காக, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்துக் கொடுப்பது. பறவைக் கணக்குக்கு ஒருவர் இருக்கிறார். ஆபீஸில் அவருக்குப் பெயரே டாக்டர்தான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, முப்பது வருடம் பறவை பார்த்த டாக்டர். காலையில் காட்டுக்குள் குறித்துவைத்த ஒரு தடத்தில் நடப்போம். அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பெயரும் எண்ணிக்கையும் சொல்லிக்கொண்டே போவார், நான் அட்டையில் தாளை வைத்து எழுதிக்கொண்டே போவேன். ஏழு கட்டம்: நேரம், பறவை, எண்ணிக்கை, மரம், தூரம், பார்த்ததா கேட்டதா, கடைசியில் குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தை இதுவரை ஒருத்தரும் படித்ததாக எனக்குத் தெரியாது. அதனாலேயே அதில் எனக்குத் தோன்றியதையெல்லாம் எழுதிவைப்பேன். ‘அணில் விரட்டியது.’ ‘டாக்டர் தும்மினார், பறந்துவிட்டது.’ இப்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மரமேறிக் குருவியின் பாட்டு மிக மெல்லியது. உச்சத்தில் தொடங்கி ஐந்தாறு துண்டாகக் கீழே இறங்கி வரும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில், எங்கள் தலைக்கு மேலேயே அது பாடியது. டாக்டர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவையும் பாடியது. அவர் அசையவில்லை. காக்கை கத்தினால் கேட்கிறது, நான் பேசினால் கேட்கிறது, இந்த உச்சக்குரல்கள் மட்டும் அவர் காதை விட்டுப் போய்விட்டன. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பென்சிலால் அட்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். திரும்பினார், பார்த்தார், பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. இடப்பக்கம் என்றால் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் இரண்டு. ஒரு பெரிய மனிதரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

“அந்தத் தாளெல்லாம் எங்க வெச்சீங்க?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

கணக்கெடுப்பின் கடைசி நாளில் மழை கொட்டியது. உறைக்குள் தண்ணீர் புகுந்து, ஆறு காலைகளின் தாள்களும் தொப்பலாகிவிட்டன. பென்சில் எழுத்துதான், கரையவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் டாக்டர் பேனாவில் போட்ட கையெழுத்துதான் நீலமாகப் படர்ந்துவிட்டது. இவர்தான் இரண்டு தலையணை உறைகளுக்கு நடுவே வைத்து, சூட்டைக் குறைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். அவற்றை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டச்சு செய்து முடித்ததும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அசல் தாள்கள் கடை அலமாரியில் பொத்தான் டப்பாவுக்கு அடியில் கிடந்தன.

எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினேன். அச்சான அறிக்கையில் ஆறு கட்டம்தான் இருந்தது. பக்கத்தில் அடங்கவில்லை என்று குறிப்பைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். என் தாளில் அது இருந்தது. முதல் காலை, ஆறு ஐம்பது: ‘வால் நடு இறகு இல்லை.’ ஏழு ஐந்து: ‘வாலில் ஓட்டை, வலப்பக்கம் சாய்ந்து ஏறுகிறது.’ ஏழு இருபது: ‘வாலில் ஓட்டை.’ இரண்டாம் காலை, நூறு மீட்டர் மேலே இருக்கிற அடுத்த தடத்தில்: ‘வால் ஓட்டை. கூடவே இன்னொன்று.’ மூன்றாம் காலை, நாலாம் காலை, அப்படியே. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். பத்தொன்பது இடத்தில் வாலில் ஓட்டை. மற்றவற்றில் பாதி ‘கூடவே இன்னொன்று’, பாதி ‘கேட்டது மட்டும்’.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காட்டில் சின்னப் பறவைகள் பல இனம் சேர்ந்து ஒரே கூட்டமாகத்தான் இரை தேடிப் போகும். மரமேறியும் அந்தக் கூட்டத்தோடு மரம் மரமாக நகரும். நாங்கள் நடக்கிற வேகமும் அதன் வேகமும் ஒன்று. ஆறு காலையும் அது எங்கள் கூடவே நடந்திருக்கிறது. அது பாடும்போதெல்லாம் நான் தட்டியிருக்கிறேன். தட்டும்போதெல்லாம் அவர் ஒன்று என்றிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் நான் எழுதியிருக்கிறேன். அங்கே இருந்தது ஒரு ஜோடி, மிஞ்சிப்போனால் இரண்டு ஜோடி. இருபது பறவைகள் ஒன்றாக வந்து இறங்குகிற நேரத்தில் அவர் பெயர்களை ஏலம் விடுவதுபோல அடுக்குவார், எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஆனாலும் அந்த ஓட்டையைக் கண் பார்த்திருக்கிறது, கை எழுதியிருக்கிறது. மண்டைதான் எங்கேயோ மேயப் போயிருக்கிறது.

“அப்ப ஒரே ஆளப் பத்தொம்பது தடவ எண்ணியிருக்கீங்க,” என்றார் வீட்டுக்காரர். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தாள்களைக் குனிந்து பார்த்தார். “நான் ஒரு சட்டையப் பத்தொம்பதுன்னு எண்ணிக் குடுத்தா, மீதிப் பதினெட்டையும் எங்க போய்த் திருடிட்டு வரது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் போய்ச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அறிக்கையைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற பொதுக் கூட்டத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். தாள்களை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “முறைப்படிதான் பண்ணியிருக்கோம் அக்கா. ரெண்டு பதிவுக்கு நடுவுல அம்பது மீட்டருக்கு மேல இருந்தா அது வேற பறவை. எல்லாமே அம்பதுக்கு மேல. பாருங்க.”

“வால்ல ஓட்டை இருக்குங்க. ஒரே பறவை.”

“ஓட்டையப் பத்தி முறைல ஒண்ணும் இல்லியே.”

“எங்க பக்கத்து வீட்டுக் கோழி நேத்து தெருமுனை வரைக்கும் போச்சு. அம்பத்தோராவது மீட்டர்ல அது ரெண்டு கோழியாயிடுச்சா?”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். “நீங்க எழுதறவங்க அக்கா. பாக்கறவர் டாக்டர். பாத்தவரே நாப்பத்தொண்ணுன்னு கையெழுத்துப் போட்டுட்டார். உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

எரிச்சலாக வந்தது. எழுதுகிறவளாம். மூன்று வருடமாக அந்த ஆபீஸின் காதாக இருந்தவள் நான். என் காது இல்லாவிட்டால் அந்த அறிக்கைகளில் பாதிப் பறவைக்கு இடமே இல்லை. அதை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. டாக்டரின் முகம் ஞாபகம் வர, பல்லைக் கடித்துக்கொண்டு தாள்களை அடுக்கினேன். ‘முறைப்படி’ என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனை என் கையில் கொடுத்தால் ஆறு காலையும் அட்டையோடு அந்தச் சரிவில் நடக்கவிட்டிருப்பேன்.

டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாள்களை அவர் முன்னால் வைத்து, வட்டம் போட்ட இடங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தார். பதினோரு வருடத்தில் என் குறிப்புகளை அவர் படித்தது அன்றுதான். தும்மல் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். கடைசித் தாளுக்கு வந்தபோது சிரிப்பில்லை.

“நீ தட்டினே. நான் சொன்னேன்,” என்றார்.

“சத்தம் கேட்டா நான் தட்டுவேன் சார். புதுசா பழசான்னு பாக்க வேண்டியது நீங்க.”

“நீ தட்டினா புதுசுன்னு நெனச்சேன்.”

இத்தனை காலமும் அவர் என்னை நம்பியிருக்கிறார், நான் அவரை நம்பியிருக்கிறேன், நடுவில் குருவி எண்ணிக்கை பெருகிக்கொண்டே போயிருக்கிறது. அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

“திருத்திக் குடுங்க சார். ஒரு வரி எழுதினா போதும்.”

“எப்படிம்மா எழுதுவேன்? ஏன் தப்பாச்சுன்னு கேப்பாங்க. எனக்குக் கேக்கலைன்னு எழுதவா?” கண்ணாடித் துணியை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். “அப்படி எழுதினா, இதுவரைக்கும் நான் குடுத்த ஒவ்வொரு கணக்கையும் தோண்டுவாங்க. முப்பது வருஷம். எதுவும் மிஞ்சாது.”

“உங்க முப்பது வருஷத்துக்காக அந்த அறுநூறு மரமும் போகணுமா?”

“என் முறை சரிதாம்மா,” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவரும் அந்த வார்த்தையையே சொன்னார். மேனேஜர் சொன்னபோது வந்தது எரிச்சல். இவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வருகிற அழுகை. அந்தப் பறவை எந்த மாதத்தில் கூடு கட்டும், எந்தப் பட்டையின் பின்னால் முட்டையிடும் என்று சொன்னவர் இவர். நனைந்த மரத்தின் கீழே மூன்று மணி நேரம் அசையாமல் நின்று என்னையும் நிற்க வைத்தவர். இவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மேனேஜர் போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை. “நாளைக்கு நீங்க வரணும்னு அவசியமில்ல அக்கா. வந்தாலும் பேச வேண்டாம். பேசினீங்கன்னா அதுக்கப்புறம் ஆபீஸுக்கு வர வேண்டாம்.” அவ்வளவுதான். வைத்துவிட்டார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தேய்த்த துணியை அடுக்கிவிட்டு, உதிர்ந்த பொத்தான் வைத்திருந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

“இதுக்கும் ஆள் தேவைதான். என்ன, இங்க குருவி வராது.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை, கசங்கியிருந்த அந்த ஆறு நாள் தாள்களையும் மறுபடி உறைக்குள் வைத்துத் தேய்த்து, அட்டைப்பெட்டியில் போட்டு, டெலிவரித் துணிக்குக் கட்டுவதுபோல நூல் கட்டிக் கொடுத்தார்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணில் தூக்கக் கலக்கம், காலில் புதுச் செருப்பு. ஒரு மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது. கடைக்காரர்கள் எழுந்து ரோப் கார் வந்தால் வியாபாரம் வரும் என்றார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, எதிர்ச்சரிவில் வந்தாலும் வரும். நான் எழுந்து ஓட்டை வாலைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது குழந்தைகளுக்குச் சொல்லும் கதைபோலத் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறோம்,” என்றார் அதிகாரி.

“நான் என் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்,” என்றேன்.

அவர் பேனா நின்றது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவு செய்தவரே மறுத்தால், அதிகாரி அன்றைக்கே நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்று அதில் இருந்திருக்கிறது. என்னை அவர் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை. மேனேஜர் அதற்குள் மேஜையருகே போய்விட்டார்.

“எல்லாமே பென்சில் மேடம். நேத்து உக்காந்துகூட எழுதியிருக்கலாம்.”

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. என்னைப் பொய்க்காரி என்கிறான், அதையும் மேடம் போட்டுச் சொல்கிறான். “மழைல நிக்கறவங்க பென்சில்லதான் எழுதுவாங்க. நீங்க நின்னதில்ல, அதனால தெரியல,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரிடம் திரும்பினார். “சார், இந்தக் குறிப்பெல்லாம் அன்னிக்கே எழுதினதுதானா?”

ஒரு ‘ஆமாம்’ போதும். டாக்டர் தன் முழங்கால்களைப் பார்த்தார்.

“நான் குறிப்பைப் படிக்கிறதில்ல,” என்றார்.

உண்மைதான். உண்மையையே சொல்லி ஒருத்தியை நட்டாற்றில் விட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு அதிகாரி, மேனேஜர், டாக்டர், நான் என்று நாங்கள் நான்கு பேரும் சரிவில் நின்றோம். ஜீப் டிரைவர் கீழேயே இருந்துவிட்டார். அதிகாரியின் புதுச் செருப்பு இரண்டு முறை வழுக்கியது. மரங்களின் சிவப்பு எண்கள் கண் மட்டத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நூற்றுப் பதினேழாம் மரத்தடியில் நின்று காத்திருந்தோம். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். மேனேஜர் ஒரு தடவை கொட்டாவி விட்டார். ஆறு காலையும் கூடவே வந்த அந்தப் பறவை, வேண்டும் என்கிற ஒரு மத்தியானத்தில் வராமல் போனால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

பிறகு அந்தச் சத்தம் வந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், உயரத்தில், துண்டு துண்டாகக் கீழே இறங்கியது. என் விரல் தானாக அட்டையைத் தேடியது. விரல்களை மடக்கிக்கொண்டேன்.

“அது என்ன, விசில் மாதிரி?” என்றார் அதிகாரி, திரும்பிக்கொண்டே. மேனேஜரும் திரும்பினார்.

டாக்டர் மட்டும் எதிர்ப்பக்கம் பைனாகுலரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் ஒரு திசையில் பார்ப்பது சற்றுப் பொறுத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. என் பக்கம் பார்த்தார். என் கையில் பென்சில் இல்லை. மெதுவாகத் திரும்பினார். அவருடைய கழுத்தோரம் சிவந்துபோனதை நான் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் தட்டவில்லை.

கூட்டமாகச் சின்னப் பறவைகள் கிளைகளில் இறங்கின. அவற்றோடு அதுவும் வந்து, நூற்றுப் பதினேழாம் மரத்தின் வேரடியில் ஒட்டியது. ஏறத் தொடங்கியது. வாலின் நடுவில் ஒரு விரிசல். அந்த இடைவெளி வழியாகப் பாசி பச்சையாகத் தெரிந்தது. ஊன்றும்போது பிடிப்பு குறைகிறதோ என்னவோ, ஒவ்வொரு தத்தலுக்கும் வலப்பக்கம் சாய்ந்து, சரிசெய்துகொண்டு, மறுபடி தத்தியது. அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“ஒண்ணு,” என்றார் டாக்டர். அதிகாரி எழுதிக்கொண்டார்.

“முறைப்படியே பாத்துடலாம் மேடம்,” என்று மேனேஜர் பையிலிருந்து ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்தார். நுனியை மரத்தோடு சேர்த்துத் தான் பிடித்துக்கொண்டு, சுருளை என் கையில் கொடுத்தார். பதினோரு வருடமாக மறுமுனையைப் பிடிப்பது என் வேலைதான்.

குருவி உச்சிக்கு ஏறி, சறுக்கிப் பறந்து, நூற்றுப் பத்தொன்பதின் அடிக்கு வந்தது. நாங்கள் பின்னால் போனோம். அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நூற்று இருபத்திரண்டாம் மரம். நூற்று இருபத்தைந்து. அது ஏறியது, இறங்காமல் பறந்தது, ஏறியது. ஒரு நொடிகூட எங்கள் பார்வையை விட்டு அது விலகவில்லை. சுருள் என் கைக்குள் கிறுகிறுவென்று சுற்றி இளைத்துக்கொண்டே வந்தது. அதிகாரி இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு மரத்திலும் முதலில் வாலைத்தான் பார்த்தார். நூற்று முப்பதாம் மரத்தடியில் டேப் முடிந்தது. வெடுக்கென்று இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே மேனேஜர், “அம்பது!” என்று கத்தினார்.

குருவி என் தலைக்கு மேலாகப் பறந்து, டேப்பைத் தாண்டி, நூற்று முப்பத்தொன்றின் வேரில் போய் ஒட்டியது.

“சார்,” என்றார் அதிகாரி, பேனாவைத் தாளில் வைத்தபடி. “இப்ப எத்தனைன்னு எழுத?”

டாக்டர் என் கையைப் பார்த்தார். இரண்டு கையிலும் டேப் இருந்தது. மறுமுனையில் மேனேஜர் பிடித்த பிடியில் அது விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டை வால் வலப்பக்கம் சாய்ந்து, சிவப்பு எண்ணின் கீழ் வளைவில் காலை வைத்து, பட்டை இடுக்கிலிருந்து எதையோ இழுத்து விழுங்கிவிட்டு, எண்ணைத் தாண்டி மேலே போனது. அங்கிருந்து பாடியது. நானும் அதிகாரியும் அண்ணாந்து பார்த்தோம். டாக்டர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.